தானியம் வேண்டாம், தண்ணீர் வையுங்கள்

தோட்டத்துக்குப் பறவை வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது ஒன்றுதான்: ஒரு தீனிக்கூடு வாங்கி, அரைக் கிலோ கம்பை நிரப்பி, கிளையில் தொங்கவிடுவது. நானும் அதைத்தான் செய்தேன். தாம்பரத்துக்கு அப்பால், வீட்டுக்குப் பின்னால் 20-க்கு 15 அடியில் ஒரு கொல்லை. அதில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, துணி துவைக்கிற கல். முதல் நாள் யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் இரண்டு மாடப்புறாக்கள் வந்தன. ஒரு மாதத்தில் முப்பதுக்கு மேல் ஆகிவிட்டன. எதிர்வீட்டு அக்கா ஒருநாள் வாசலிலேயே நிறுத்தி, "தம்பி, புண்ணியம் உங்களுக்கு, எச்சம் கழுவுறது எங்களுக்கா?" என்று கேட்டார். அன்றைக்கே அந்தக் கூட்டைக் கழற்றிப் பரணில் போட்டேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

இதில் நான் செய்த தப்பு என்னவென்று புரிந்துகொள்ளவே கொஞ்ச நாள் ஆனது. நம் வீடுகளைச் சுற்றி இருக்கும் பறவைகளில் தானியம் தின்பவை கொஞ்சம்தான். புறா, சிட்டுக்குருவி, சில்லை, கிளி, அவ்வளவுதான் சட்டென்று நினைவுக்கு வருகிறது. மீதிப்பேரின் சாப்பாடு வேறு. தேன்சிட்டுக்குத் தேனும் சிலந்தியும். சின்னான் என்கிற கொண்டைக்குருவிக்குப் பழமும் பூச்சியும். தையல்சிட்டு, குண்டுக்கரிச்சான், மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் இரட்டைவால் குருவி, இவையெல்லாம் பூச்சி தின்றே வாழ்பவை. செம்பகம் ஓணான், நத்தை, தவளை என்று எதையும் விடாது. கொல்லைக்கு வரும் வெண்மார்பு மீன்கொத்திகூட மீனை நம்பி இருப்பதில்லை, வெட்டுக்கிளியும் பல்லியும் போதும் அதற்கு. இவ்வளவு பேரையும் விட்டுவிட்டு புறாவுக்கு மட்டும் பந்தி விரித்தால் புறாதான் வரும். அது கூட்டமாக வந்து உட்கார்ந்துவிட்டால் மற்றவை ஒதுங்கிவிடும் என்பது ஒரு பக்கம். புறா எச்சத்தின் தூசியைத் தொடர்ந்து சுவாசிக்கிறவர்களுக்கு நுரையீரல் ஒவ்வாமை நோய் வரலாம் என்பது இன்னொரு பக்கம். அடுக்குமாடி பால்கனியில் தானியம் கொட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

சரி, அப்புறம் எதை வைத்துக் கூப்பிடுவது? தண்ணீரை வைத்து. பழம் தின்பது, பூச்சி தின்பது, தேன் குடிப்பது என்று சாப்பாட்டில் ஆளுக்கொரு வழி இருந்தாலும் தண்ணீர் எல்லோருக்கும் வேண்டும். குடிக்க மட்டுமில்லை, குளிக்கவும். இறகில் படியும் தூசியும் ஒட்டுண்ணியும் போனால்தான் பறக்க வசதி, அதனால் குளியல் அவற்றுக்கு அன்றாட வேலை. செலவு என்று பார்த்தால் ஒரு அகலமான மண் தட்டு. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டு இருக்கிறதே, அதில் பெரியது ஒன்று போதும்.

ஆழம்தான் இதில் முக்கியம், பலர் கோட்டைவிடுவதும் இங்கேதான். நாம் பாசத்தோடு ஒரு வாளியோ குண்டானோ நிறைய வைக்கிறோம். சின்னப் பறவைக்கு அது கிணறு மாதிரி. தட்டின் நடுவில் இரண்டு அங்குலத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம், ஓரத்தில் அரை அங்குலம் இருந்தால் நல்லது. நடுவில் ஒரு தட்டையான கல்லைப் போட்டுவிடுங்கள், தேன்சிட்டும் தேனீயும் அதன்மேல் உட்கார்ந்து குடிக்கும். பீங்கானும் எவர்சில்வரும் கால் வழுக்கும், வெயிலில் உலோகம் கொதிக்கும், பிளாஸ்டிக் தட்டு காற்றில் பறக்கும். மண் தட்டு சொரசொரப்பானது, தண்ணீரையும் குளுமையாக வைத்திருக்கும். நிழலில் வையுங்கள். ஆனால் புதருக்குள்ளேயே வைக்காதீர்கள், அங்கே பூனை பதுங்கி இருக்கும். ஒரு செடியிலிருந்து ஆறேழு அடி தள்ளி, மேலே கிளை ஏதாவது இருக்கிற மாதிரி இடம் பாருங்கள். பறவை நேரே தட்டில் வந்து இறங்காது. முதலில் கிளையில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்க்கும், திருப்தி ஆனால்தான் கீழே வரும். நனைந்த இறகோடு அதனால் வேகமாகப் பறக்க முடியாது. அந்த நேரத்தில் பூனை பாய்ந்தால் தப்பித்துக் கிளையேற ஒரு இடம் பக்கத்தில் வேண்டும், பூனைக்கு மட்டும் மறைவிடம் கிடைக்கக்கூடாது.

கொசு வராதா என்று கேட்பீர்கள். தினமும் தண்ணீரைக் கொட்டி மாற்றினால் வராது. முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாள் வேண்டும். ஆனால் வெறுமனே கொட்டினால் போதாது, தேங்காய் நாரால் தட்டின் உள்பக்கத்தை ஒரு தேய் தேய்க்க வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும், அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். சோப்பு வேண்டாம். காலையில் பல் தேய்த்துக்கொண்டே செய்துவிடலாம், இரண்டு நிமிட வேலை. இதைத் தினமும் செய்ய முடியாதென்றால் தண்ணீர் வைக்காமலே இருங்கள், அழுக்குத் தண்ணீர் ஒரு பறவையின் நோயை இன்னொன்றுக்குக் கொடுத்துவிடும்.

என் தட்டுக்கு முதலில் வந்தது காகம், அது எதிர்பார்த்ததுதான். எங்கிருந்தோ தூக்கிவந்த காய்ந்த ரொட்டித் துண்டை ஊறப்போட்டுவிட்டுப் போனது. ஒரு வாரம் கழித்து தவிட்டுக்குருவிகள். எட்டு, ஒன்பது பேர் கொண்ட கூட்டுக்குடும்பம். சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் வந்து, ஒன்று குளிக்க மற்றவை வரிசையில் நின்று சண்டை போட்டு, முடிந்ததும் கறிவேப்பிலைக் கிளையில் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்து கோதிவிட்டுக்கொள்ளும். பொதுக்குழாயடி தோற்றது போங்கள். புறா கூட்டம் இருந்த காலத்தில் இந்தத் தரை முழுக்க வெள்ளை எச்சமாகக் கிடந்தது என்று நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

தண்ணீர் பறவையை வரவழைக்கும், தங்கவைக்காது. தங்க வேண்டுமென்றால் இரை கிடைக்க வேண்டும். நான் சொல்வது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும்: தோட்டத்தைச் சுத்தம் செய்வதைக் குறையுங்கள். உதிர்ந்த சருகைத் தினமும் கூட்டி எரிக்கிறோம் இல்லையா, அந்தச் சருகுக்கு அடியில்தான் பூரானும் வண்டும் கரையானும் இருக்கின்றன. தவிட்டுக்குருவி நாளெல்லாம் இலையைப் புரட்டிப் புரட்டிப் போடுவது அவற்றைத் தேடித்தான். வேலியோரம் ஒரு நாலடி இடத்தைச் சருகுக்கென்றே விட்டுவிடுங்கள். பாம்பு வரும் என்று பயந்தால் வீட்டுச் சுவரை ஒட்டி வேண்டாம், தூரமான மூலையில் வையுங்கள்.

பூச்சிமருந்து அடிக்கிற தோட்டத்துக்கும் பறவைக்கும் ஒத்துப்போகாது, அதில் சமரசமே கிடையாது. எலுமிச்சைச் செடியில் இலையைத் தின்கிற பச்சைப்புழுவைப் பார்த்தவுடன் நமக்குக் கை பரபரக்கும். அந்தப் புழுதான் தையல்சிட்டுக் குஞ்சின் மதியச் சாப்பாடு. தானியம் தின்கிற சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்கு முதல் சில நாள் பூச்சியைத்தான் ஊட்டும், பிறந்த குஞ்சால் கம்பையோ அரிசியையோ செரிக்க முடியாது. நகரத்தில் சிட்டுக்குருவி குறைந்ததற்குச் செல்போன் கோபுரம்தான் காரணம் என்று ஊரே பேசுகிறது, அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஓட்டு வீட்டின் இடுக்குகள் போய்விட்டன, கொல்லைகள் சிமென்ட் தரை ஆகிவிட்டன, பூச்சியும் இல்லை; எனக்கு இதுதான் நம்பும்படி இருக்கிறது. ஆண்டுதோறும் மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி நாளன்று சிட்டுக்குருவிக்காகப் பதிவு போடுகிறவர்கள் தங்கள் முற்றத்தில் இரண்டடி மண் தரை விட்டால் அது வந்து புழுதிக்குளியல் போடும். எலி மருந்தும் அப்படித்தான். மருந்து தின்ற எலியைக் கூகை என்கிற ஆந்தை தின்றால் கூகையும் சாகும்.

செடி விஷயத்தில் நர்சரிக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள், பூ பெரிதாக அடுக்கடுக்காக இருப்பதைத்தான் அவர் காட்டுவார். அடுக்குச் செம்பருத்தி கண்ணுக்கு அழகு, ஆனால் பறவைக்கு ஒற்றையடுக்குச் செம்பருத்திதான் வசதி. தேன்சிட்டு சில நேரம் பூவின் வாய் வழியாகப் போகாமல் அடிப்பக்கத்தில் அலகால் ஓட்டை போட்டுத் தேனைக் குடித்துவிட்டுப் போய்விடும். மகரந்தத்தைத் தொடாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிற அந்தத் திருட்டை அருகிலிருந்து பார்க்கவே ஒரு செம்பருத்தி வைக்கலாம். இட்லிப்பூ என்கிற வெட்சி, மாதுளை, கல்வாழை, முருங்கை இவற்றுக்கெல்லாம் தேன்சிட்டு வரும். முருங்கை பூத்திருக்கும் நாட்களில் காலை ஏழு மணிக்கு அடியில் போய் நின்றால் போதும், வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. அமெரிக்காவில் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பி தொங்கவிடுவதைப் பார்த்து இங்கேயும் சிலர் வாங்கி மாட்டுகிறார்கள். அது அங்கே ஓசனிச்சிட்டு என்கிற வேறொரு பறவைக்கானது. நம் வெயிலில் சர்க்கரைத் தண்ணீர் ஒரே நாளில் புளித்துவிடும், அதற்குப் பதில் ஒரு செடி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

பழத்துக்கு எங்கும் போக வேண்டாம், கறிவேப்பிலையே போதும். இலைக்காக அதை வெட்டிக்கொண்டே இருந்தால் பூக்காது. ஒரு கிளையை வளரவிட்டால் பூத்து, கறுப்புக் கறுப்பாகப் பழுக்கும், குயிலும் சின்னானும் தேடி வரும். அவை எச்சமிட்ட இடத்தில் அடுத்த மழைக்குக் கன்றுகள் முளைக்கும், அக்கம்பக்கத்துக்கெல்லாம் நான் கொடுத்த கன்றுகள் அப்படிக் கிடைத்தவைதான். வேப்பம்பழமும் அப்படியே. இடம் இருந்தால் தேன்பழ மரம் ஒன்று வையுங்கள், செர்ரி மாதிரி குட்டிச் சிவப்புப் பழம், ஆண்டு முழுக்கக் காய்க்கும், வேகமாக வளரும். பூக்கொத்தி என்று ஒரு பறவை, கட்டைவிரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிது, வெறும் 8 சென்டிமீட்டர்தான், அதை முதலில் பார்த்தது எதிர்வீட்டுத் தேன்பழ மரத்தில்தான். கொய்யாவும் பப்பாளியும் இருந்தால் மேல்கிளைப் பழங்களை அவற்றுக்கு விட்டுவிடுங்கள், எப்படியும் அவைதான் நமக்கு முன்னால் கண்டுபிடிக்கும். மிளகாய்ச் செடியில் சின்னான் பழுத்த மிளகாயை விழுங்குவதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். மிளகாயின் காரம் நம்மைப் போல் பறவைகளுக்கு உறைப்பதில்லை. உண்ணிச்செடிப் பூவுக்குப் பட்டாம்பூச்சி வரும் என்று யாராவது கன்று கொடுத்தால் வாங்காதீர்கள், காடுகளையே மூடிக்கொண்டிருக்கிற வெளிநாட்டுச் செடி அது.

அப்படியென்றால் காக்கைக்குச் சோறு வைக்கக் கூடாதா? வையுங்கள், அம்மா வைக்கிறார், நானும் தடுப்பதில்லை. சாப்பிடுவதற்கு முன் ஒரு கைப்பிடி, அவ்வளவுதான், அதைத் தின்றுவிட்டு அது தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். உப்புப் போட்ட மிக்சர், முறுக்கு, பிஸ்கட், எண்ணெயில் பொரித்தது இவை மட்டும் வேண்டாம். ரொட்டியால் வயிறு நிறையும், சத்து சேராது. ஒரு பிடி என்பது ஒரு படி ஆகும்போதுதான் எலியும் புறாவும் வருகின்றன.

கூட்டுப்பெட்டி பற்றியும் பலர் கேட்கிறார்கள். மரப்பெட்டியை வாங்கி மாட்டிவிட்டுத் தேன்சிட்டு வரும் என்று காத்திருந்தால் ஆயுசுக்கும் வராது. பொந்தில் கூடு வைக்கும் பறவைதான் பெட்டிக்குள் போகும்: சிட்டுக்குருவி, மைனா, குண்டுக்கரிச்சான், புள்ளி ஆந்தை. சிட்டுக்குருவிக்கு வாசல் ஓட்டை மூன்று, மூன்றரை சென்டிமீட்டர் விட்டம் போதும். அதைவிடப் பெரிதாக இருந்தால் மைனா வந்து ஆளைக் கிளப்பிவிடும். வெயில் நேராக விழாத சுவரில், பூனை ஏற முடியாத உயரத்தில் மாட்டுங்கள். தையல்சிட்டு பெரிய இலை ஒன்றை மடக்கி, அல்லது இரண்டு மூன்று இலைகளைச் சேர்த்து, ஓரத்தில் அலகால் ஓட்டை போட்டு, பஞ்சையும் சிலந்தி நூலையும் நுழைத்துத் தைத்து உள்ளே கூடு கட்டும். அகன்ற இலைச் செடி எது இருந்தாலும் அதற்குச் சரி. தெரிந்துவிட்டால் அந்தப் பக்கம் போவதைக் குறையுங்கள். கூட்டை விலக்கிப் பார்ப்பதும் பக்கத்தில் நின்று படம் எடுப்பதும் காகத்துக்கு வழிகாட்டுகிற வேலை, நாம் எங்கே உற்றுப் பார்க்கிறோம் என்பதைக் காகமும் பார்த்துக்கொண்டிருக்கும்.

தரையில் குஞ்சு கிடந்தால் உடனே அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். இறகு முளைத்து, வால் குட்டையாக, தத்தித் தத்தி நடக்கிற குஞ்சு என்றால் அது பறக்கப் பழகிக்கொண்டிருக்கிறது, தாய் பக்கத்திலேயே புழுவோடு காத்திருக்கும். நாய் பூனை வராமல் ஒரு கிளையில் ஏற்றிவிட்டு விலகினால் போதும். இறகே இல்லாத குஞ்சு என்றால் கூட்டைத் தேடித் திரும்ப வைக்கலாம், மனிதன் தொட்டால் தாய் ஏற்காது என்பது வெறும் நம்பிக்கை. கிளியோ மைனாவோ, காட்டுப் பறவையைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், "பாசமா வளர்க்கிறோம்" என்ற பதில் அங்கே செல்லாது.

இனி பார்ப்பது. எனக்குப் பிடித்த பகுதி இதுதான், பலரும் அவசரப்படுகிற இடமும் இதுதான். புதிய பறவையைப் பார்த்ததும் நிறத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறோம். நிழலில் எல்லாமே கறுப்பு, எதிர்வெயிலிலும் எல்லாமே கறுப்பு. முதலில் அளவைப் பாருங்கள். சிட்டுக்குருவியைவிடச் சின்னதா, மைனா அளவா, காகத்தைவிடப் பெரிதா? இந்த மூன்று அளவுகோலை மனதில் வைத்தாலே பாதிப்பேர் கழிந்துவிடுவார்கள். அடுத்து அலகு: வளைந்த ஊசி என்றால் தேன், கூம்பு என்றால் விதை, உளி என்றால் மரம். அப்புறம் அது என்ன செய்கிறது என்று கவனியுங்கள். கம்பியிலிருந்து பறந்து பூச்சியைப் பிடித்து அதே இடத்துக்குத் திரும்பி வருகிறதா, தரையில் வாலை ஆட்டிக்கொண்டு நடக்கிறதா, மரத்தண்டில் செங்குத்தாக ஏறுகிறதா? நிறத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ஆணும் பெண்ணும் வேறு வேறு நிறத்தில் இருக்கும் தொல்லை வேறு இருக்கிறது. கறுப்பு உடம்பும் சிவப்புக் கண்ணுமாக ஆண் குயில். பழுப்பில் வெள்ளைப் புள்ளி வைத்த பெண் குயிலைப் பார்த்து ஏதோ பருந்து என்று நினைத்தவர்களை எனக்குத் தெரியும். அந்தக் 'குக்கூ'வும் ஆணுடையது, பெண் குயில் 'கிக் கிக் கிக்' என்று கத்திவிட்டுப் பறந்துவிடும்.

கண்ணைவிடக் காதுக்கு அதிகம் கிடைக்கும். பகலில் எங்கிருந்தோ யாரோ செம்புப் பாத்திரத்தைத் தட்டுகிற மாதிரி ஒரே சீராக 'டொக், டொக், டொக்' என்று கேட்டால் அது செம்மார்புக் குக்குறுவான், அரசமரத்தின் உச்சியில் பச்சையோடு பச்சையாக உட்கார்ந்திருக்கும். விடியலுக்கு முன், பால்காரருக்கும் முன்னால், விதவிதமாகச் சீழ்க்கை அடிப்பது குண்டுக்கரிச்சான். ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் என்ற இலவசச் செயலி இருக்கிறது, அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் செய்தது. உதவியாக இருக்கும், ஆனால் அது சொன்னதையெல்லாம் நம்பாமல் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். என் பங்குக்கு நான் அணில் கத்துவதைப் புதுப் பறவை என்று நினைத்து ஒரு வாரம் மரத்தை அண்ணாந்து பார்த்தவன்.

அதே அணிலும் தவிட்டுக்குருவியும் சேர்ந்து விடாமல் கத்தினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓடுங்கள். பூனையோ பாம்போ வல்லூறோ ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. ஒருமுறை அப்படிப் போய்ப் பார்த்தபோது முருங்கைக் கிளையில் புள்ளி ஆந்தை ஒன்று பகலில் மாட்டிக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் இரட்டைவால் குருவி, மைனா, காகம் எல்லாம் கூடித் திட்டிக்கொண்டிருந்தன. தட்டுக்கு வரும் சின்னப் பறவைகளைப் பிடிக்க வல்லூறும் வரும், விரட்டாதீர்கள், அதற்கும் பசி.

இருநோக்கி (பைனாகுலர்) இல்லாமலே ஆறு மாதம் ஓட்டலாம். வாங்கினால் 8×42 என்று போட்டதாகப் பாருங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 20 மடங்கு காட்டுகிறது என்று ஆசைகாட்டுவார்கள், கை நடுக்கமும் 20 மடங்கு தெரியும். காலை வெயில் ஏறும் முன், ஒரே நாற்காலியில், இருபது நிமிடம் அசையாமல் உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றுமே இருக்காது.

அக்டோபர் மாதத்தை மட்டும் தவற விடாதீர்கள். வடக்கிலிருந்து வலசை வரும் ஆறுமணிக் குருவி அப்போதுதான் வந்து இறங்கும். இரவில் பறந்து களைத்துப்போய், விடிந்ததும் எந்தக் கொல்லையில் நிழலும் சருகும் இருக்கிறதோ அங்கே ஒதுங்கும். பச்சை முதுகு, மங்கிய மஞ்சள் வயிறு, அடிவயிற்றில் சிவப்பு, கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை, வால் இருக்கிறதா என்றே தெரியாத குட்டை வால். காலை ஆறு, மாலை ஆறு மணிவாக்கில் கூவுவதால் அந்தப் பெயர். என் சருகுமூலைக்கு ஒருமுறை வந்து இரண்டு நாள் இலையைப் புரட்டிக்கொண்டிருந்தது, வெளியே போகாமல் சமையலறை ஜன்னல் வழியாகவே பார்த்தோம். அந்த மூலையைக் கூட்டச் சொல்லி அதற்குப் பிறகு அம்மா கேட்கவில்லை.

பார்த்ததை எழுதி வையுங்கள், ஒரு பழைய டைரி போதும்: தேதி, நேரம், பறவை, எத்தனை. கொஞ்சம் பழகியதும் 2002-இல் தொடங்கிய, பார்த்த பறவைகளைப் பதிவு செய்கிற இ-பேர்ட் இணையதளத்தில் போடலாம், அங்கே உங்கள் கொல்லைக் கணக்கும் ஆய்வுக்குப் பயன்படும். தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டி ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் நான்கு நாள் உலகம் முழுக்க நடக்கும் கொல்லைப் பறவைக் கணக்கெடுப்பில் ஒரே இடத்தில் குறைந்தது 15 நிமிடம் உட்கார்ந்து எண்ணினால் போதும். காகத்தையும் எண்ண வேண்டும், பலர் விட்டுவிடுகிறார்கள்.

கொல்லை இல்லை, மூன்றாவது மாடி, பால்கனி மட்டும்தான் என்றால்? தொட்டியில் ஒற்றைச் செம்பருத்தி ஒன்று, சங்குப்பூக் கொடி ஒன்று, கம்பியில் பாதுகாப்பாகக் கட்டிய ஒரு மண் தட்டு. தேன்சிட்டுக்கு அதுவே அதிகம். சில நேரம் அது துணி காயப்போடும் கொடியிலேயே சிலந்தி வலையும் சருகும் சேர்த்து, வாசலுக்கு மேல் சின்னக் கூரை வைத்து, தொங்குகூடு கட்டிவிடும். கட்டி, முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பறந்து போக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை துணியை எங்கே காயப்போடுவது என்று வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.